வங்காளத்துக் கொல்லைக் குளங்கள்

ஹௌராவில் பர்த்வான் வண்டி ஏறி ஜன்னலோரத்தில் இடம் கிடைக்கப்பெற்றவர் பாக்கியசாலி. 1854-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு முதன் முதலாகப் பிரயாணி ரயில் ஓடிய பாதை இதுவே. முதல் அரை மணி நேரம் ஆலைச் சுவர்களும், அடுக்கு மாடி வீடுகளும், அவற்றின் மேல்மாடியில் காயும் துணிமணிகளுமே கண்ணுக்கு விருந்து. ஸ்ரீராம்பூரையும் சந்தன நகரையும் தாண்டிய பிறகுதான் வங்காளம் தன் முகத்தைத் திறந்து காட்டுகிறது. வாழை, தென்னை, கமுகு, மூங்கில் புதர். அவற்றின் நடுவே ஒரு வீடு. வீட்டின் பின்னால் ஒரு குளம். அடுத்த வீடு, அதன் பின்னாலும் ஒரு குளம். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு வந்த நாம் ஐம்பதுக்கு மேல் கணக்குத் தவறி, எண்ணுவதையே விட்டுவிட்டோம்.

நம் தேசத்தில் குளம் என்றால் அது ஊர்ச் சொத்து. கோயிலுக்குத் தெப்பக்குளம், ஊருக்கு ஊருணி, வயலுக்கு ஏரி. வீட்டுக்குக் கிணறு ஒன்றே. கிணற்றடியில் நாலு வாழையும் ஒரு துளசி மாடமும் இருந்தால் கொல்லை நிறைந்துவிட்டதாக நாம் திருப்தி அடைகிறோம். வங்காளத்திலோ வீட்டுக்கு ஒரு குளம் வேண்டியிருக்கிறது. அது ஏன் என்று எமது நண்பரை விசாரித்தபோது, "குளத்திலிருந்துதான் வீடே வந்தது!" என்றார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தோம். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

கங்கையும் அதன் கிளைகளும் கொண்டு வந்து பரப்பிய வண்டல் பூமி அது. தரை தாம்பாளத்தைப் போல் மட்டமானது. மழைக் காலத்தில் எங்கும் ஜலம் தேங்கும். வீட்டை மேட்டில் கட்டாவிட்டால் ஆவணி மாதத்தில் அடுப்பில் மீன் நீந்தும். மேட்டுக்கு மண் வேண்டும். மலையோ குன்றோ பக்கத்தில் இல்லாதபோது மண்ணுக்கு எங்கே போவது? கொல்லையில் வெட்டி எடுத்து வீட்டுக்கு அடியில் போடவேண்டியதுதான். வெட்டிய இடத்தில் மழைநீர் நிறைகிறது. நிறைந்த இடம் குளமாகிறது. வீட்டு மேட்டை 'பிட்டே' என்கிறார்கள். பிட்டேயின் உயரத்தைப் பார்த்தே குளத்தின் ஆழத்தைச் சொல்லிவிடலாமாம்.

குளங்களுக்குள்ளும் ஜாதி பேதம் உண்டு. சிறு பள்ளம் 'டோபா', நடுத்தரமானது 'புக்குர்', ஜமீன்தார்களும் ராஜாக்களும் வெட்டிய விஸ்தாரமான தடாகம் 'தீகி'. வீட்டின் முன்புறத்துக் குளம் ஆடவருக்கும் அதிதிகளுக்கும் உரியது. பின்வாசல் குளத்துக்கு 'கிர்க்கி புக்குர்' என்று பெயர். அது ஸ்திரீகளின் ராஜ்யம். பாத்திரம் துலக்குவது, துணி துவைப்பது, அரிசி களைவது, அண்டை வீட்டாரின் விவகாரங்களை அலசுவது ஆகிய சகல காரியங்களும் அதன் படித்துறையில்தான் நடைபெறுகின்றன.

நாம் சென்ற வீடு ஹூக்ளி ஜில்லாவில், பாண்டுவா ஸ்டேஷனுக்கு அப்பால் ஒரு சிறு கிராமத்தில் இருக்கிறது. அந்த வீட்டுக் குளம் ஆறு காட்டா விஸ்தீரணம். வங்காளத்துக் காட்டா ஒன்றுக்கு 720 சதுர அடி. ஆகவே நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய பத்து சென்டு. நண்பரின் தாயாரை நாம் 'மாஸிமா' என்று அழைத்தோம். வங்காளத்தில் நண்பர்களின் அன்னையர் எல்லாரும் மாஸிமாதான். அதாவது சித்தி அல்லது பெரியம்மா. அறுபத்தெட்டு வயதாகிறது. குளத்தின் சர்வாதிகாரி அந்த அம்மையாரே. எம்மைப் பார்த்தவுடன், "வா, பாபா! சாப்பாடு அப்புறம், முதலில் ஜலத்தைப் பார்!" என்று படித்துறைக்கு அழைத்துச் சென்றார். மகனை ஒத்தவனை 'பாபா' என்று, அதாவது 'அப்பா' என்று, விளிப்பது அங்கே வழக்கம். நாமும் "என்னப்பா" என்று பிள்ளைகளை அழைப்பவர்கள்தானே?

ஜலம் பச்சையாயிருந்தது. நாம் தயங்கியதைக் கண்டு மாஸிமா சிரித்தார். படியில் குனிந்து, வலக்கையை நீருக்குள் செங்குத்தாக விட்டார். முழங்கை நனையும் சமயத்தில் உள்ளங்கை பச்சையில் மறைந்துபோயிற்று. "சரியாயிருக்கிறது" என்றார். கண்ணாடிபோல் தெளிந்த குளத்தில் மீனுக்கு ஆகாரம் இல்லை. மணிக்கட்டு நனையும் முன்பே கை மறைந்துவிட்டால் பாசி மிதமிஞ்சிவிட்டது என்று அர்த்தம். இவ்விரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் நல்ல குளம். நீரைப் பச்சையாக்குபவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தாவரங்கள். அவற்றை நுண்ணிய பிராணிகள் தின்கின்றன; இரண்டையும் மீன் தின்கிறது. மீன் வளர்க்கிறோம் என்று சொல்வதைக் காட்டிலும் ஜலத்தை வளர்க்கிறோம் என்று சொல்வதே பொருந்தும்.

குளம் வெட்டுவதற்கு ஏற்ற காலம் பங்குனியும் சித்திரையும். அப்போது தரை உலர்ந்து, நிலத்தடி நீரும் இறங்கியிருக்கும். ஐந்தடி முதல் ஏழடி ஆழம் போதும். அதற்கு மேல் சூரிய ஒளி எட்டாது. அதற்குக் குறைந்தால் கோடையில் நீர் கொதிக்கும். கரையைச் சுவர்போல் செங்குத்தாக வெட்டுவது வீண் வேலை. முதல் மழையிலேயே சரிந்து விழுந்து குளத்தைத் தூர்த்துவிடும். ஓரடி இறங்குவதற்கு ஒன்றரை அடியாவது உள்ளே தள்ளிச் சாய்வாக வெட்டவேண்டும். மணல் கலந்த மண்ணானால் இரண்டடி. மண்ணைப் பிசைந்து உருட்டினால் உருண்டை உடையாமல் நிற்கவேண்டும். உதிர்ந்துபோகிற மண்ணில் தண்ணீர் நில்லாது. செல்வர்கள் செங்கல்லால் படித்துறை கட்டுகிறார்கள். மற்றவர்கள் தென்னை அல்லது பனை மரத்துண்டுகளைக் குறுக்கே பதித்துப் படியாக்குகிறார்கள். மழையில் அதன் மேல் காலை வைக்கிறவர்களுக்குத் தெய்வந்தான் துணை.

கரையில் என்ன வைக்கலாம் என்பதிலும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. தென்னை, கமுகு, வாழை, பப்பாளி இவை நல்லவை. நிழல் அதிகம் தாரா. மூங்கில் ஆகாது. அதன் சருகு ஓயாமல் உதிர்ந்து அடியில் அழுகி நீரைக் கறுப்பாக்கும். அந்த வீட்டிலும் வடமேற்கு மூலையில் ஒரு மூங்கில் புதர் உண்டு. மாமனார் வைத்ததென்று மாஸிமா அதை வெட்டுவதில்லை. அதன் சருகை மட்டும் தினந்தோறும் வலைக்கரண்டியால் அள்ளி எறிகிறார்.

இனி அந்தக் குளத்தின் குடிகளைப் பற்றிச் சொல்லவேண்டும். காத்லா, ருயி, மிருகேல் என்ற மூன்று கெண்டை வகைகள்தாம் வங்காளக் குளத்தின் மும்மூர்த்திகள். நம் சந்தைகளில் கட்லா, ரோகு, மிர்கால் என்று விற்கப்படுபவை இவையே. காத்லாவின் வாய் மேல்நோக்கித் திறந்திருக்கிறது. அது மேல்மட்டத்தில் மேய்கிறது. ருயி நடு நீரில் வசிக்கிறது; அதன் உதட்டோரம் குஞ்சம் கட்டியதுபோல் இருக்கும். மிருகேலின் வாய் சற்றே கீழ்நோக்கியது. அடிச் சேற்றில் மக்கிக் கிடப்பதைத் தின்கிறது. மாடி வீட்டில் மூன்று குடித்தனங்கள் ஒருவர் சமையலறையில் மற்றவர் புகாமல் வாழ்வதுபோல் இவை வாழ்கின்றன. மனிதர்களின் மாடி வீடுகளில் இவ்வளவு ஒற்றுமையை நாம் கண்டதில்லை.

இம்மூன்றுக்கும் விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் பிரான்சிஸ் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர். 1822-ம் வருஷம் வெளியான கங்கை மீன்களைப் பற்றிய நூலில் அவர் லத்தீனில் புதுப் பெயர் தேடிச் சிரமப்படாமல், செம்படவர்கள் சொன்ன பெயர்களையே கொஞ்சம் திருத்தி ரோஹிடா, காட்லா, மிரிகாலா என்று எழுதி வைத்தார். உலகமெங்கும் விஞ்ஞானிகள் இன்று உச்சரிப்பது ஹூக்ளிக் கரைச் செம்படவர்களின் சொற்களையே. இந்த ஹாமில்டன் நமக்கு அந்நியர் அல்லர். புக்கானன் என்ற பெயரில் 1800, 1801-ம் வருஷங்களில் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கோயம்புத்தூர், மலையாளம் எல்லாம் சுற்றி, நம் குடியானவர்களின் ஏர் கலப்பையைக்கூட விடாமல் வர்ணித்து வைத்தவர் அவரே.

இந்த மூன்று மீன்களிடமும் ஒரு பிடிவாதம் உண்டு. குளத்தில் எவ்வளவு சௌகரியமாக வளர்ந்தாலும், தேங்கிய நீரில் இவை முட்டையிடமாட்டா. மழைக்கால வெள்ளம் புரளும் நதியில்தான் இனப்பெருக்கம். ஆகவே முற்காலத்தில் ஆனி, ஆடி மாதங்களில் கங்கையில் நுண்வலை கட்டிக் குஞ்சுகளைச் சேகரித்து மண்பானைகளில் எடுத்து வருவார்கள். அவற்றோடு பகைமீன்களின் குஞ்சுகளும் கலந்து வரும். எது எதுவென்று வளர்ந்த பிறகுதான் தெரியும். பாங்குரா, மேதினிபூர் ஜில்லாக்களில் மழைநீர் பாய்ந்து வரும் அணைக்கட்டுகளில் மீனை விட்டு முட்டையிடச் செய்யும் வித்தையும் இருந்தது. இந்த நிலைமையை மாற்றியவர் ஹீராலால் சௌதுரி என்னும் வங்காள விஞ்ஞானி. மீனின் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியால் ஏற்றி, 1957-ம் வருஷம் ஜூலை 10-ந் தேதி, தமது சகாவான அலிக்குன்ஹியுடன் சேர்ந்து, ஒடிசாவில் குளத்துக் கெண்டையை முட்டையிடச் செய்து காட்டினார். இன்று நாடெங்கும் அந்தத் தேதியை மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். சுதந்திரம் அடைந்து பத்து வருஷம் ஆவதற்குள் நம்மவர் சாதித்த காரியங்களில் இதற்கு உரிய புகழ் கிட்டவில்லை என்பது எமது அபிப்பிராயம்.

ஆனால் குஞ்சு வாங்குவதற்கு முன் குளத்தைத் தயார் செய்தாகவேண்டும். வீட்டாரின் சாமர்த்தியம் இங்கேதான் தெரியும். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை மாஸிமா குளத்தை முழுதும் இறைத்துவிடுகிறார். அடிச் சேறு தென்னைக்கும் வாழைக்கும் எருவாகிறது. அடித்தரை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும் வரையில் காய்கிறது. இறைக்காத வருஷங்களில் விரால் முதலிய பகைமீன்களை ஒழிக்க இலுப்பைப் பிண்ணாக்குப் போடுகிறார். நம் பாட்டிமார் எண்ணெய் ஸ்நானத்துக்குத் தலையில் தேய்த்துக்கொண்ட அதே வஸ்துதான். அதில் நுரை உண்டாக்கும் ஒரு சத்து இருக்கிறது; அது மீனின் ரத்த அணுக்களை உடைத்துவிடுகிறது. பத்து சென்டு குளத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு நீர் இருந்தால் 100 கிலோ வேண்டும். செத்து மிதக்கும் மீனை உண்பதில் மனிதருக்கு ஆபத்தில்லை. இரண்டு மூன்று வாரத்தில் நஞ்சு தணிந்து, பிண்ணாக்கே எருவாக மாறிவிடும்.

ஒரு வாரம் பொறுத்து, சென்டுக்கு ஒரு கிலோ வீதம் சுண்ணாம்பைக் கரைத்து ஆறவிட்டுத் தெளிக்கிறார்கள். அது நீரின் புளிப்பை மாற்றுகிறது. நோய்க் கிருமிகளையும் குறைக்கிறது. அதற்கும் ஒரு வாரம் கழித்துச் சாணம். பத்து சென்டுக்கு 200 கிலோ வழக்கம். இலுப்பைப் பிண்ணாக்கு இட்டிருந்தால் பாதி போதும். சாணம் போட்ட சில நாட்களில் ஜலம் மெல்லப் பச்சை பூக்கத் தொடங்கும். அப்போதுதான் மாஸிமா முந்தானையில் பணத்தை முடிந்து நண்பரிடம் கொடுத்து நைஹாட்டிக்கு அனுப்புகிறார்.

நைஹாட்டி, ஹூக்ளி நதியின் அக்கரையில் உள்ள ஊர். மீன் குஞ்சுச் சந்தைக்குப் பேர் பெற்றது. நம் ஊரில் நாற்று விற்பதுபோல் அங்கே குஞ்சு விற்கிறார்கள். பெயர்களும் அவ்வாறே. நெல்மணி அளவுள்ள குஞ்சு 'தானி போனா'. விரல் நீளம் வளர்ந்தது 'சாரா போனா', அதாவது நாற்றுக் குஞ்சு. அலுமினியக் குடங்களில் குஞ்சுகளை வைத்துக்கொண்டு ரயிலில் வருகிறவர்களை நீங்கள் காணலாம். வழி நெடுக அவர்கள் உள்ளங்கையால் ஜலத்தைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். கை ஓய்ந்தால் காற்றுக் கலக்காமல் குஞ்சுகள் மூச்சு முட்டி இறந்துபோகும். பக்கத்துப் பிரயாணி கொஞ்ச நேரம் கை மாற்றுவதும் உண்டு. நாமும் ஒரு ஸ்டேஷன் தூரம் தட்டினோம். தோள்பட்டை மறுநாளும் அதை நினைவூட்டியது.

குஞ்சை வாங்கி வந்தவுடன் குளத்தில் கவிழ்த்துவிடக்கூடாது. குடத்தைக் குளத்தில் மிதக்கவிட்டு, குளத்து நீரைச் சிறிது சிறிதாக அதில் சேர்த்து, இரண்டு நீரின் சூடும் ஒன்றான பிறகு குடத்தைச் சாய்க்கவேண்டும். குஞ்சுகள் தாமே வெளியே நீந்திப் போகும். பத்து சென்டுக்கு முந்நூறு குஞ்சு. பத்துக்கு நாலு காத்லா, மூன்று ருயி, மூன்று மிருகேல். ஆசைப்பட்டு ஆயிரம் விட்டவர்கள் வருஷக் கடைசியில் ஆயிரம் குஞ்சுகளையே திரும்பப் பிடிக்கிறார்கள்! தவிடும் கடுகுப் பிண்ணாக்கும் சம அளவில் ஊறவைத்துக் காலையில் ஒரே இடத்தில் போட்டு வந்தால் மீன்கள் நேரம் தவறாமல் வந்து கூடும். நல்ல குளத்தில் ஒரு வருஷத்தில் காத்லா ஒரு கிலோவை எட்டிவிடும்.

குளத்துக்கு ஆபத்தான வேளை விடியற்காலம். பகலில் பச்சைத் தாவரங்கள் நீருக்குள் பிராணவாயுவை விடுகின்றன; இரவில் அவையும் மீனோடு போட்டியிட்டுச் சுவாசிக்கின்றன. மேகம் மூடிய நாளுக்கு மறுநாள் விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். மாஸிமா ஐப்பசி மழை நாட்களில் நாலு மணிக்கே எழுந்து படித்துறைக்குப் போவது இதற்காகத்தான். வாய் பிளப்பதைக் கண்டால் பேரப் பிள்ளைகளை எழுப்பி நீரில் குதிக்கச் சொல்கிறார். மூங்கில் கழியால் அடிக்கச் சொல்கிறார். இதைப்போல் சந்தோஷமாகப் பிள்ளைகள் செய்யும் வேலை வேறு ஒன்றும் இல்லை. அன்று தீனியும் சாணமும் நிறுத்தப்படும்.

குளத்தில் தானாக வந்து குடியேறும் சிறு மீன்களும் உண்டு. மௌரலா என்ற சிறு மீனைத் தலையோடு வறுத்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். கண்ணுக்கு வேண்டிய 'ஏ' வைட்டமின் அதில் மிகுதி. கோயி என்பது நம் பனையேறிக் கெண்டைதான். மழை பெய்தால் குளத்தை விட்டுக் கரையேறிப் புல்லில் நடந்து அடுத்த வீட்டுக் குளத்துக்குப் போய்விடும். அது பனை மரத்தில் ஏறக் கண்டதாக 1791-ம் வருஷம் தரங்கம்பாடியில் டால்டார்ப் என்ற டேனிஷ் ராணுவ அதிகாரி எழுதி வைத்து, ஐரோப்பாவையே திகைக்கச் செய்தார். ரயிலில் நாம் தாண்டி வந்த ஸ்ரீராம்பூரும் தரங்கம்பாடியைப்போலவே டேனிஷ்காரர்களிடம் இருந்த ஊர்; இரண்டையும் அவர்கள் 1845-ல் ஒருசேர ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்.

குளத்தின் குற்றங்களையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. 1884-ல் ராபர்ட் காக் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரில்தான் வாந்திபேதிக் கிருமியைக் கண்டார். குளத்து நீரைக் குடிக்கவேண்டாமென்று ஊரெங்கும் குழாய்க் கிணறு இறக்கினார்கள். 1980-களின் தொடக்கத்தில் அக்கிணறுகள் பலவற்றில் பாஷாணம் கலந்திருப்பது தெரிய வந்தது. மாஸிமா வீட்டில் குடிப்பதற்குச் சுத்திகரித்த நீர் வருகிறது. குளத்து நீர் வாய்க்குள் போவதில்லை. இன்னொரு ஆபத்து இதைவிடக் கொடியது. தவழும் குழந்தையும் தளர்நடைக் குழந்தையும் ஆள் அறியாமல் படித்துறைக்குப் போய்விடும். வங்காளத்துத் தாய்மார் பலர் குழந்தையின் அரையில் மணி கட்டுகிறார்கள். மாஸிமா அதை நம்பவில்லை. படித்துறைக்கு மூங்கில் வேலியும், வேலிக்குப் படலும், படலுக்குப் பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் ஒரு கொக்கியும் போட்டிருக்கிறார். "கொசுவைச் சின்ன மீன் தின்றுவிடும்; இதற்கு நான்தான் காவல்" என்றார்.

அப்படியும் அந்தக் குளத்துக்குச் சத்துரு ஒருவர் இருக்கிறார். குளம் மூன்று சகோதரர்களுக்குப் பொது. மூத்தவரும் இளையவரும் கொல்கத்தாவில் இருக்கிறார்கள், நண்பர் நடுவர். ரயில் பாதைக்கு அருகில் இருப்பதால் மனைக்கு நல்ல விலை. ஒரு கட்டட கான்ட்ராக்டர் இரண்டு வருஷமாக நடையாய் நடக்கிறார். மேற்கு வங்காளத்தில் 1984-ம் வருஷத்து உள்நாட்டு மீன்வளச் சட்டத்தை 1993-ல் திருத்தி, ஐந்து காட்டாவும் அதற்கு மேலும் உள்ள, வருஷத்தில் ஆறு மாதமாவது நீர் நிற்கும் குளத்தைத் தூர்க்கக்கூடாதென்று விதித்திருக்கிறார்கள். சட்டம் நல்ல சட்டம். ஆனால் சட்டத்துக்குக் கண் பகலில் மட்டுமே திறந்திருக்கிறது. இரவில் இரண்டு வண்டி குப்பை வந்து விழும். அல்லது ஆகாயத் தாமரையை ஒரு கூடை கொண்டு வந்து எறிந்துவிட்டுப் போவார்கள்.

தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்த அந்தச் செடி வங்காளத்தின் நீர் வழிகளையெல்லாம் அடைத்துக்கொண்டதால், அதை ஒழிப்பதற்கென்றே 1936-ல் தனிச் சட்டம் செய்ய நேர்ந்தது. அது மூடிய குளத்தில் ஒளி புகாது, பச்சை சாகும், மீன் சாகும், சில வருஷத்தில் குளம் சேறாகி, சேறு மேடாகும். பிறகு "இங்கே குளம் ஏது?" என்று கேட்டால் யார் பதில் சொல்வது? அடுத்த தெருவில் அவ்விதம் மறைந்துபோன குளத்தின் மேல் நிற்கும் மூன்று மாடிக் கட்டடத்தை நண்பர் காட்டினார். அதன் படித்துறைச் செங்கல் இரண்டு வரிசை மட்டும் சாக்கடை ஓரத்தில் இன்னும் தெரிகிறது.

"ஜலம் பச்சையாயிருக்கிற வரையில் இதை மேடு என்று சொல்ல எவனுக்கும் வாய் வராது" என்றார் மாஸிமா. ஆகாயத் தாமரை ஒன்று மிதந்தாலும் அன்றே எடுத்துக் குப்பைக் குழியில் போட்டுவிடுகிறார். திருடர் வலையும் கான்ட்ராக்டர் வண்டியும் இறங்காதபடி குளமெங்கும் மூங்கில் கிளைகளை நட்டு வைத்திருக்கிறார்.

நாம் புறப்பட இருந்த தினத்தில் வலை போட்டார்கள். செம்படவர் நால்வர் மூங்கில் கிளைகளைப் பிடுங்கிவிட்டு, இழுவலையைக் குளத்தின் குறுக்கே விரித்து மெல்ல மெல்ல இழுத்து வந்தார்கள். வலை சுருங்கச் சுருங்க ஜலம் கொதிப்பதுபோல் ஆயிற்று. சிறியவற்றைத் திரும்ப விட்டார்கள். எஞ்சியவற்றை மாஸிமா தராசில் தாமே நிறுத்து, செம்படவர் கூலிப் பங்கை முதலில் எடுத்து வைத்தார். பிறகு மூன்று பிள்ளைகளுக்கு மூன்று பங்கு. நகரத்துப் பங்குகள் இரண்டையும் வாழையிலையில் பொதிந்து, பனிக்கட்டி பெய்த பெட்டியில் வைத்து, பத்தரை மணி வண்டிக்கு நண்பரின் மகனிடம் கொடுத்தார். மாதந்தோறும் இப்படி அனுப்புகிறாராம்.

"சின்னவன் கான்ட்ராக்டர் காகிதத்தை இன்னும் மேஜையிலேயே வைத்திருக்கிறான்" என்று சொல்லிக்கொண்டே, இருந்ததில் பெரிய காத்லாவின் தலையைத் தனியாக எடுத்து, இளைய மகனின் பொட்டலத்தில் சொருகினார்.